பக்கத்தில் எத்தனை பேர்? திரவத்துக்குள் அணுக்கள் நிற்கும் கணக்கு

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய், லூனாஸ், கூலிம் வட்டாரத்தில் திரவங்களுக்குப் பஞ்சமில்லை. மளிகைக் கடைத் தட்டில் செம்பனை எண்ணெய். பால் கொட்டாயில் ரப்பர் பாலை உறைய வைக்கும் பார்மிக் ஆசிட். பால் கெட்டியாகிவிடாமல் இருக்க ஊற்றும் அம்மோனியா. குழாயில் தண்ணீர். பழைய தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் காய்ச்சல் பார்த்த கண்ணாடிக் குச்சிக்குள் பாதரசம். எல்லாம் ஊற்றினால் ஓடும், பாத்திரத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். உள்ளே அணு அளவில் எட்டிப் பார்த்தால் ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை.

பள்ளி வேதியியல் நூல்களில் மூன்று கட்டம் போட்ட ஒரு படம் இருக்கும். முதல் கட்டத்தில் உருண்டைகள் வரிசையாக நிற்கும்: திடம். இரண்டாவதில் அதே உருண்டைகள் கலைந்து கிடக்கும்: திரவம். மூன்றாவதில் அங்கொன்றும் இங்கொன்றும் பறக்கும்: வாயு. நடுக்கட்டத்தைப் பார்த்துவிட்டு, திரவம் என்றால் ஒழுங்கில்லாதது என்று பதித்துக்கொள்ளும் பிள்ளைகள் பாதிப் பாடத்தை இழந்துவிடுகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம். அந்தப் படம் ஆர்கான் போன்ற மந்த வாயுவைக் குளிரவைத்த திரவத்துக்குப் பொருந்தும், உருகிய உலோகம் பலவற்றுக்கும் ஏறக்குறையப் பொருந்தும். தண்ணீருக்குப் பொருந்தாது. எண்ணெய்க்கும் கந்தகத்துக்கும் பொருந்தவே பொருந்தாது.

திரவத்தில் தூரத்து ஒழுங்குதான் கிடையாது. பக்கத்து ஒழுங்கு உண்டு. ஓர் அணுவின் அருகில் யார் நிற்கலாம், எத்தனை பேர், எந்தக் கோணத்தில் என்பதைப் பிணைப்பு தீர்மானிக்கிறது. இடைநிலைப்பள்ளியில் இகாத்தான் கோவலென், இகாத்தான் இயோன் என்று மலாயில் மனப்பாடம் செய்கிறோமே, அந்தச் சகப்பிணைப்பும் அயனிப்பிணைப்பும் திடத்தோடு முடிந்துபோவதில்லை. உருகிய பிறகும் வேலை செய்துகொண்டேயிருக்கின்றன.

எண்ணிப் பார்க்க ஒரு முறை வேண்டும். ஓர் அணுவின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, குறிப்பிட்ட தூரத்தில் இன்னோர் அணு இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று சுற்றிலும் பார்க்க வேண்டும். தற்செயலாக இருக்கக்கூடியதைவிட எத்தனை மடங்கு என்று வரைந்தால் வருவதுதான் ஜி-ஆர், g(r), வளைகோடு. மிக அருகில் சுழியம், ஏனென்றால் இரண்டு அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏற முடியாது. பிறகு ஒரு கூரான சிகரம்: முதல் சுற்று அண்டையர். பள்ளம். இரண்டாவது, சற்று மழுங்கிய சிகரம். அப்படியே அலை அடங்கி, பத்துப் பதினைந்து ஆங்ஸ்ட்ரத்துக்குள் ஒன்று என்ற மட்டத்தில் படுத்துவிடும். ஓர் ஆங்ஸ்ட்ரம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. இந்தச் சிந்தனைக்குக் கணித வடிவம் கொடுத்தவர்கள் செர்னிக்கேயும் பிரின்சும், 1927இல். டிபாயும் மென்கேயும் 1930இல் பாதரசத்துக்கு எக்ஸ்-கதிரால் இந்த வளைகோட்டை வரைந்தார்கள்.

ஆர்கானை மைனஸ் 188 டிகிரியில் அளந்தால் முதல் சிகரம் 3.7 முதல் 3.8 ஆங்ஸ்ட்ரத்துக்குள், இரண்டாவது 7ஐ ஒட்டி. முதல் சிகரத்துக்குள் எண்ணினால் ஏறக்குறைய 12 அணுக்கள். ஆர்கானுக்குள் பிணைப்பு என்று சொல்ல வான் டெர் வால்ஸ் இழுவை என்ற மெல்லிய ஈர்ப்பு மட்டுமே உண்டு. அதற்குத் திசை கிடையாது. எந்தப் பக்கத்திலிருந்து எவர் வந்தாலும் சரி என்பதால், இடம் உள்ளவரை நெருக்கி நிரப்பிக்கொள்கிறது.

இதை வீட்டிலேயே கையால் பார்க்கலாம். சைக்கிள் கடையில் கால் அங்குல எஃகு உருண்டைகள், பேரிங்கில் போடுபவை, ஏறக்குறைய 500 வாங்குங்கள். அரைக் கிலோவுக்குச் சற்று மேல் எடை வரும். கண்ணாடிப் பீக்கரில் 100 மில்லி கோடு வரை கொட்டி, மேசையில் மெல்லத் தட்டித் தட்டி அடங்க விடுங்கள். கோட்டுக்குக் கீழே இறங்கினால் மேலும் போடுங்கள். பிறகு அளவு குழாயால் தண்ணீரை அதே கோடு வரை விடுங்கள். 40 மில்லி தண்ணீர் பிடித்தால் உருண்டைகள் அடைத்த இடம் 60 மில்லி, அதாவது நிரப்பு அளவு 0.60. பெரும்பாலோர் தவறுவது காற்றுக் குமிழில்தான். உருண்டைகளுக்கு நடுவே குமிழ் மாட்டிக்கொண்டால் தண்ணீர் குறைவாகப் பிடிக்கும், நிரப்பு அளவு பொய்யாகக் கூடிவிடும். தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு கலந்து, பீக்கரைச் சாய்த்து ஓரமாக மெதுவாக ஊற்றினால் குமிழ் ஏறிவிடும். இன்னொன்று: பீக்கர் ஒடுக்கமாக இருந்தால் சுவரை ஒட்டிய உருண்டைகள் சரியாக அடங்காது, எண் குறையும். எவ்வளவு குலுக்கினாலும் 0.64ஐ நெருங்கலாமே தவிர, கலைந்த நிலையில் அதைத் தாண்டாது. பழக்கடையில் ஆரஞ்சுப் பழங்களைக் கோபுரமாக அடுக்குவதுபோல் ஒழுங்காக அடுக்கினால் மட்டுமே 0.74.

பெர்னால் என்ற, அயர்லாந்தில் பிறந்த இயற்பியலர் 1950களின் இறுதியிலும் 60களிலும் செய்தது இதுதான். உருண்டைக் குவியலுக்குள் கறுப்புச் சாயத்தை ஊற்றி, வடித்து, காயவிட்டு, ஒவ்வோர் உருண்டையிலும் பதிந்த தொடுபுள்ளிகளை எண்ணினார். தொடுபவையும் தொடாத குறையாக நிற்பவையும் சேர்ந்து எட்டு, ஒன்பது வரும். சற்றே தள்ளி நிற்பவற்றையும் சேர்த்தால் 12. அண்டை எண்ணிக்கை என்று யாராவது ஒரு எண்ணைச் சொன்னால், எந்தத் தூரம்வரை எண்ணினீர்கள் என்று கட்டாயம் கேட்க வேண்டும். வழக்கமாக முதல் பள்ளம்வரை எண்ணுவார்கள்.

இப்போது ஒரு கணக்கு. முதல் சிகரத்தின் தூரத்தையே உருண்டையின் விட்டமாக வைத்துக்கொண்டு, அந்தத் திரவம் இடத்தில் எத்தனை பங்கை அடைக்கிறது என்று பாருங்கள். ஒரு கன ஆங்ஸ்ட்ரத்தில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையை விட்டத்தின் மும்மடியால் பெருக்கி, மேலும் 0.524ஆல் பெருக்க வேண்டும். ஆர்கானுக்கு எண்ணிக்கை 0.0213, விட்டம் 3.75. விடை 0.59. எஃகு உருண்டைக் குவியலேதான். பாதரசத்துக்கு எண்ணிக்கை 0.0406, முதல் சிகரம் 3 ஆங்ஸ்ட்ரத்தைச் சற்று ஒட்டியோ தாண்டியோ வரும். விடை மறுபடியும் 0.6 பக்கம். உலோகப்பிணைப்பில் எலக்ட்ரான்கள் பொதுச் சொத்து. தனியாக யாரையும் கைப்பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லாததால் உலோக அணுக்களும் உருண்டைகளைப் போலவே நெருக்கி நிற்கின்றன.

தண்ணீருக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கன சென்டிமீட்டரில் ஒரு கிராம், மூலக்கூறு எடை 18. ஒரு கன ஆங்ஸ்ட்ரத்தில் 0.0334 மூலக்கூறு. ஆக்சிஜனிலிருந்து அடுத்த ஆக்சிஜன் 2.8 ஆங்ஸ்ட்ரத்தில். விடை 0.38தான்! பாதிக்கும் மேல் வெற்றிடம். தண்ணீர் மூலக்கூறுகளும் ஆர்கானைப் போல நெருக்கி நின்றிருந்தால் ஒரு லிட்டர் தண்ணீர் ஒன்றரைக் கிலோ இருந்திருக்கும்.

காரணம் கைகள். தண்ணீர் மூலக்கூறிடம் கொடுக்க இரண்டு ஹைட்ரஜன், வாங்க ஆக்சிஜன்மேல் இரண்டு தனி எலக்ட்ரான் இணைகள். இரண்டும் இரண்டும் நான்கு. இந்த நான்கும் ஒரு நான்முகியின் முனைகளை நோக்கி நிற்கின்றன, இடைக்கோணம் 109 டிகிரியை ஒட்டி. ஹைட்ரஜன் பிணைப்பு அந்தத் திசைகளில் மட்டுமே நன்றாகப் பிடிக்கும். ஆகவே முதல் சுற்றில் 12 பேருக்கு இடம் இருந்தும் நான்கு, நாலரைப் பேர்தான் நிற்கிறார்கள். இரண்டாவது சிகரம் 4.5 ஆங்ஸ்ட்ரத்தில் வருகிறது. நான்முகியின் இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள தூரத்தைக் கணக்கிட்டால் 2.8ஐ 1.633ஆல் பெருக்க வேண்டும்: 4.57. அளந்ததும் கணக்கும் ஒத்துப்போகின்றன. ஆர்கானில் இரண்டாவது சிகரத்துக்கும் முதல் சிகரத்துக்கும் உள்ள விகிதம் 1.9ஐ ஒட்டி இருந்தது. தண்ணீரில் 1.6. ஒரு திரவத்தின் பெயரை மறைத்துவிட்டு வளைகோட்டை மட்டும் கையில் கொடுத்தால், திசையுள்ள பிணைப்பா இல்லையா என்று கண்டுபிடிக்க நான் முதலில் பார்ப்பது இந்த விகிதத்தைத்தான்.

நாலரை என்று அரைப்பங்கு எப்படி வருகிறது? இது சராசரி. ஒரு ஹைட்ரஜன் பிணைப்பின் ஆயுள் பிக்கோவினாடிக் கணக்கில், அதாவது வினாடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் ஒன்றிரண்டு பங்கு. பிடித்த கையை விட்டு அடுத்த கையைப் பிடிக்கும் நேரத்தில், பிணைப்பில்லாத ஐந்தாவது ஆள் ஒருவர் நடுவே நுழைந்திருப்பார். தண்ணீரைச் சூடாக்கினால் 4.5 சிகரம் கரையத் தொடங்கும். சில ஆயிரம் வளிமண்டல அழுத்தம் கொடுத்தால் இரண்டாவது சுற்றே உள்ளே சரிந்து முதல் சுற்றின் இடைவெளிகளுக்குள் புகுந்துவிடும். அப்போதும் 2.8 தூரம் பெரிதாக மாறாது. கைப்பிடி விடாமலேயே கோணம் வளைகிறது. ஐஸ் பெட்டியில் வைத்த கண்ணாடிப் போத்தல் வெடிப்பதற்கும் இதே நான்கு கைகள்தான் காரணம். உறையும்போது ஐந்தாவது ஆளை முழுவதுமாக வெளியேற்றி நான்கு பேரோடு கட்டம் கட்டுவதால் கொள்ளளவு ஏறக்குறைய 9 விழுக்காடு கூடுகிறது.

2004இல் எக்ஸ்-கதிர் உட்கவர் ஆய்வு ஒன்றை வைத்து, தண்ணீர் மூலக்கூறுகளில் பெரும்பாலானவை நான்கல்ல, இரண்டு வலுவான பிணைப்புகளைத்தான் வைத்திருக்கின்றன, சங்கிலியும் வளையமுமாகத் திரிகின்றன என்று ஒரு குழு வாதிட்டது. பெரிய சர்ச்சை. நான் நான்முகிப் பக்கம்தான் நிற்கிறேன். சங்கிலிப் படத்தால் 4.5 சிகரத்தை இவ்வளவு இயல்பாக விளக்க முடியவில்லை.

கை எண்ணிக்கை மாறினால் என்ன ஆகும் என்பதற்குப் பால் கொட்டாயே சாட்சி. அம்மோனியா மூலக்கூறிடம் கொடுக்க மூன்று ஹைட்ரஜன், வாங்க ஒரே ஓர் இணை. கணக்கு ஒத்துவராததால் வலை பின்ன முடியாது. திரவ அம்மோனியாவில் அண்டையர் 12 பேருக்குக் குறைவில்லை, கொதிநிலை மைனஸ் 33 டிகிரி. பார்மிக் ஆசிட் மூலக்கூறு கொடுக்க ஒன்று, வாங்க ஒன்று என்று வாழ்கிறது. அதனால் வலை கிடையாது. ஒருவர் பின்னால் ஒருவராகக் கோத்துக்கொள்ளும் சங்கிலிகள், நடுநடுவே இரண்டிரண்டாகச் சேர்ந்த வளையங்கள். ஆவியில் வளைய இணைகள் அதிகம், உறைந்த படிகத்தில் நீண்ட சங்கிலி, திரவம் இவ்விரண்டுக்கும் நடுவே. மூலக்கூறு எடை 46தான். கிட்டத்தட்ட அதே எடையுள்ள, 44 எடைப் புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிட, பார்மிக் ஆசிட் 100.8 டிகிரிவரை தாங்குகிறது.

செம்பனை எண்ணெயின் கதை வேறு. அங்கே இரண்டு பிணைப்புகள் இரண்டு வேறு தூரங்களில் ஆட்சி செய்கின்றன. மூலக்கூறுக்குள் கார்பனுக்குக் கார்பன் சகப்பிணைப்பு: 1.54 ஆங்ஸ்ட்ரத்தில் ஊசிபோன்ற சிகரம், 2.5இல் அடுத்தது. திரவமானாலும் திடமானாலும் இவை அசையாது. மூலக்கூறுக்கும் மூலக்கூறுக்கும் நடுவே வான் டெர் வால்ஸ் மட்டுமே. அங்கே 4.5 ஆங்ஸ்ட்ரத்தை ஒட்டிப் பரந்து கிடக்கும் ஒரு மேடுதான் தெரியும், பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளின் இடைவெளி அது. எண்ணெய் உறைந்தால் இந்த மேடு உடைந்து கூரான கோடுகளாகும். செம்பனை எண்ணெய் விரும்பும் படிக வடிவத்தில் அவை 4.2லும் 3.8லும் வரும். மார்ஜரின் செய்பவர்களுக்கு இந்த வடிவம் கிடைத்தால் நாக்கில் மணல் தட்டாது. 4.6இல் ஒற்றைக் கோடு வலுத்தால் பருத்த படிகங்கள் என்று பொருள், கலவை மணல்மணலாகிவிட்டது.

எண்ணெய்ப் போத்தல் கேமரன் மலைக்குப் போனதும் கலங்குவதை எல்லாரும் பார்த்திருப்பார்கள். ஸ்டியரிக் அமிலம் 69 டிகிரியில் உருகும். அதே 18 கார்பன் கொண்ட ஒலியிக் அமிலத்தில் நடுவே ஓர் இரட்டைப் பிணைப்பு, அதுவும் ஒரே பக்கம் வளைந்தது. உருகுநிலை 13 முதல் 16 டிகிரி. அந்த இரட்டைப் பிணைப்பை வளைவில்லாத மறுவடிவத்துக்குத் திருப்பினால் உருகுநிலை 45ஐ எட்டிவிடும். மூன்றுக்கும் இழுக்கும் விசை ஒன்றுதான். முழங்கை மடங்கியவர் வரிசையில் ஒட்டி நிற்க முடியாததே வேறுபாடு.

உருகிய உப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சாப்பாட்டு உப்பு 801 டிகிரியில் உருகும்போது கொள்ளளவு ஏறக்குறைய கால் பங்கு கூடுகிறது. ஆனால் சோடியத்துக்கும் குளோரினுக்கும் நடுவே உள்ள தூரம் கூடுவதற்குப் பதில் சற்றுக் குறைகிறது. அண்டையர் ஆறிலிருந்து ஐந்து பக்கம் இறங்குகிறார்கள். இருக்கும் ஐந்து பேர் இன்னும் நெருங்கி நிற்க, வெறுமை வேறெங்கோ ஓட்டையாகச் சேர்கிறது. எதிர் மின்னூட்டம் அருகில், ஒத்த மின்னூட்டம் அடுத்த சுற்றில் என்ற கட்டுப்பாடு உருகிய பின்னும் கலைவதில்லை. ஒன்றின் சிகரம் வரும் இடத்தில் மற்றதன் பள்ளம் வரும்.

கூலிம் தொழிற்பூங்காவில் சிலிக்கன் தகடுகளோடு வேலை பார்ப்பவர்கள் இந்தப் பகுதியைக் கவனிக்க வேண்டும். சிலிக்கன் படிகத்தில் ஒவ்வோர் அணுவுக்கும் நான்கு அண்டையர், சகப்பிணைப்பு, நிரப்பு அளவு 0.34 மட்டுமே. 1414 டிகிரியில் உருகியதும் பிணைப்பின் இனமே மாறிவிடுகிறது. அண்டையர் ஆறாகிறார்கள், உலோகத்தைப்போல் மின்சாரம் பாய்கிறது, அடர்த்தி 2.3இலிருந்து 2.57க்கு ஏறுகிறது. ஐஸ் தண்ணீரில் மிதப்பதுபோல் திடச் சிலிக்கன் உருகிய சிலிக்கனில் மிதக்கும். மேலே கொடுத்த கணக்கைப் போட்டால் திரவச் சிலிக்கனுக்கு 0.42 வரும். முழு உலோகத்தின் 0.6க்குப் போகாமல் பாதி வழியில் நிற்கிறது: சகப்பிணைப்பின் மிச்சம் திரவத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த எண்களெல்லாம் எப்படி வருகின்றன? திரவத்தின்மேல் எக்ஸ்-கதிரையோ நியூட்ரானையோ செலுத்தி, எந்தக் கோணத்தில் எவ்வளவு சிதறுகிறது என்று அளக்கிறார்கள். வெறும் பாத்திரத்தின் சிதறலைத் தனியாக அளந்து கழிக்க வேண்டும். நியூட்ரானுக்குப் பெரும்பாலும் வனேடியம் பாத்திரம், ஏனென்றால் வனேடியம் ஒழுங்கான சிகரங்களைக் கிட்டத்தட்டத் தருவதே இல்லை. உறிஞ்சப்பட்டதையும், உள்ளேயே இருமுறை மும்முறை சிதறியதையும் திருத்த வேண்டும். பிறகு ஃபூரியே மாற்றம், அதாவது சிதறல் அலைகளைத் தூரங்களாக மாற்றும் கணக்கு, செய்தால் ஜி-ஆர்.

தவறுகள் புகும் வாசல் இங்கேதான். கல்லூரி ஆய்வகங்களில் வழக்கமாக இருக்கும் செப்புக் குழாயின் எக்ஸ்-கதிர் அலைநீளம் 1.54 ஆங்ஸ்ட்ரம். அதைக்கொண்டு எட்டக்கூடிய உச்ச அலைத்திசையன் (சிதறல் கோணத்தையும் அலைநீளத்தையும் சேர்த்துச் சொல்லும் அளவு), 4 பையை அலைநீளத்தால் வகுத்தால், 8.16தான். அந்த இடத்தில் தரவு திடீரென்று அறுபடுவதால் உண்மைச் சிகரத்தின் இருபக்கமும் பொய்யலைகள் எழும். முதல் பொய்மேடு எவ்வளவு தள்ளி வரும் என்று அறிய 7.7ஐ உச்ச அலைத்திசையனால் வகுங்கள். செப்புக் குழாயில் ஓர் ஆங்ஸ்ட்ரத்துக்குச் சற்றுக் குறைவு. தண்ணீரின் 2.8 சிகரத்துக்குப் பக்கத்தில் 3.8இல் ஒரு மேடு முளைக்கும். அதை இடைவெளியில் புகுந்த தண்ணீர் மூலக்கூறு என்று படித்துவிட்டால் கதை கந்தல். மாலிப்டினம் குழாய் என்றால் 17.7வரை, வெள்ளிக் குழாய் என்றால் 22வரை எட்டலாம். பொய்யா மெய்யா என்று சோதிக்க எளிய வழி, வேண்டுமென்றே தரவை இன்னும் முன்னதாக அறுத்து மறுபடி மாற்றுவது. இடம் பெயர்ந்தால் அது பொய். இன்னொரு சோதனை: முதல் சிகரத்துக்கு உள்ளே, அணு இருக்கவே முடியாத தூரங்களில், வளைகோடு சுழியத்தில் படுத்திருக்க வேண்டும். அங்கே மலையும் மடுவுமாக இருந்தால் கழித்தலிலோ அளவீட்டுத் திருத்தத்திலோ பிழை.

எக்ஸ்-கதிர் எலக்ட்ரானைப் பார்க்கும். தண்ணீர் மூலக்கூறில் உள்ள பத்து எலக்ட்ரான்களில் எட்டு ஆக்சிஜனுடையவை, ஹைட்ரஜன் கண்ணுக்கே படாது. நியூட்ரான் அணுக்கருவைப் பார்க்கும். நியூட்ரானைச் சிதறடிக்கும் வலிமையைச் சொல்லும் சிதறல் நீளம் சாதாரண ஹைட்ரஜனுக்கு மைனஸ் 3.74, கனஹைட்ரஜனுக்கு பிளஸ் 6.67 ஃபெம்டோமீட்டர். 64 பங்கு சாதாரணமும் 36 பங்கு கனமும் கலந்தால் ஹைட்ரஜன் தரும் ஒத்திசைந்த சிதறல் சராசரியில் சுழியமாகிவிடும். ஆக்சிஜன் மட்டும் தனியாகத் தெரியும். மூன்று வேறு கலவைகளில் அளந்தால் ஆக்சிஜன்-ஆக்சிஜன், ஆக்சிஜன்-ஹைட்ரஜன், ஹைட்ரஜன்-ஹைட்ரஜன் என மூன்று வளைகோடுகளையும் பிரித்தெடுக்கலாம். இதில் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது: கனநீரும் சாதாரண நீரும் ஒரே அமைப்பு என்று எடுத்துக்கொள்கிறோம். கனநீர் 3.8 டிகிரியில் உறைவதையும் அதன் உச்ச அடர்த்தி 11 டிகிரியில் வருவதையும் பார்த்தால், அந்த ஊகம் முழு உண்மை இல்லை என்று புரியும்.

பாங்கியில் 1982 முதல் இயங்கும் ஒரு மெகாவாட் டிரிகா அணு உலை நம் நாட்டின் நியூட்ரான் ஊற்று. அங்குள்ள சிறுகோணச் சிதறல் கருவி நேனோமீட்டர் கணக்கில் பார்ப்பது, ஒற்றை அணுக்களின் இடைவெளியைப் பார்க்காது. அணு அளவுத் திரவ ஆய்வுக்கு பிரான்சின் கிரெனோபிளில் உள்ள உலை, இங்கிலாந்தின் ஐசிஸ் நியூட்ரான் நிலையம் போன்ற இடங்களுக்குத்தான் போக வேண்டும்.

கருவி இல்லாதவர்களுக்குக் கணினி இருக்கிறது. ஹைதராபாத்தில் பிறந்த அனீசூர் ரஹ்மான் 1964இல் 864 ஆர்கான் அணுக்களைக் கணினிக்குள் ஓடவிட்டு ஜி-ஆர் எடுத்தார். இன்று படிவம் ஆறு மாணவரின் மடிக்கணினியில் அதைச் சில நிமிடங்களில் ஓட்டலாம். அவர் வைத்த எண்கள்: இழுவை ஆழம் 120 கெல்வின், அணு விட்டம் 3.4 ஆங்ஸ்ட்ரம், வெப்பநிலை 94.4 கெல்வின், அடர்த்தி 1.374, பெட்டியின் பக்கம் 34.8 ஆங்ஸ்ட்ரம், ஓர் அடிக்கு 10 ஃபெம்டோவினாடி. பெட்டியின் பாதிக்கு மேல், அதாவது 17.4க்கு அப்பால் வரும் வளைகோட்டை நம்பாதீர்கள், அணு தன் பிம்பத்தையே எண்ணத் தொடங்கியிருக்கும். முதலில் அடுக்கி வைத்த படிகம் முழுதாகக் கலையும்முன் எண்ணத் தொடங்கினால் இரண்டாவது சிகரத்தில் பிளவு தெரியும். இன்னும் பத்தாயிரம் அடிகள் ஓடவிட்டுப் பிறகு எண்ணுங்கள்.

ஜி-ஆர் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. கோணத்தை எறிந்துவிட்டுத் தூரத்தை மட்டும் வைத்துக்கொள்கிறது. எத்தனையோ வேறு வேறு அமைப்புகள் ஒரே வளைகோட்டைத் தர முடியும். இதைக் கந்தகத்தைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் வேறில்லை.

கந்தகம் 119 டிகிரியில் உருகித் தேன் நிறத்தில் தண்ணீர்போல் ஓடும். உள்ளே எட்டு அணுக்கள் சேர்ந்த வளையங்கள். ஒவ்வோர் அணுவுக்கும் இரண்டு அண்டையர், 2.06 ஆங்ஸ்ட்ரத்தில், சகப்பிணைப்பு. 159 டிகிரியைத் தாண்டியதும் வளையங்கள் அறுந்து ஒன்றோடொன்று கோத்து, லட்சக்கணக்கான அணுக்கள் நீளும் சங்கிலிகளாகின்றன. பாகுத்தன்மை பத்தாயிரம் மடங்கு அளவுக்கு ஏறி 187 டிகிரி வாக்கில் உச்சம் தொடும். ஆனால் முதல் சிகரத்தைப் பாருங்கள்: அதே 2.06, அதே இரண்டு பேர். வளையத்திலும் ஆளுக்கு இரண்டு கை, சங்கிலியிலும் ஆளுக்கு இரண்டு கை. பக்கத்தில் நிற்பவரைக் கேட்டால் ஒன்றும் மாறவில்லை என்பார், திரவமோ ஓடவே மறுக்கிறது.

பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னிலையில், புகை இழுக்கும் பெட்டிக்குள் மட்டும் இதைச் செய்யலாம். கட்டிக் கந்தகத்தை உடைத்து சோதனைக் குழாயில் மூன்றில் ஒரு பங்கு. சிறிய சுடர், குழாயைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அவசரப்பட்டுப் பெரிய சுடர் வைத்தால் சுவரோரம் பழுப்பாகி நடுவே மஞ்சளாகவே இருக்கும், எந்தக் கட்டமும் பிரிந்து தெரியாது. சிவந்து கெட்டியானதும் குழாயைக் கவிழ்த்தாலும் விழாது. மேலும் சுட்டால் சங்கிலிகள் துண்டாகி மறுபடி ஓடும். அப்போது பெரிய பீக்கர் குளிர்நீரில் மெல்லிய தாரையாக ஊற்றினால் ரப்பர்போல் இழுபடும் கந்தகம் கிடைக்கும். சில நாளில் சங்கிலிகள் வளையங்களுக்குத் திரும்பி, உதிரும் மஞ்சளாகிவிடும். தீப்பற்றினால் நீலச் சுடரோடு வரும் கந்தக டையாக்சைடு ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து. ஈரத் துணியைத் தயாராக வைத்திருங்கள், பற்றினால் குழாய் வாயை மூடிக் காற்றைத் தடுத்துவிடலாம். இலைநோய்க்கு ரப்பர் மரங்களில் தூவும் கந்தகத் தூளை இதற்கு எடுக்காதீர்கள். அதில் வேறு பொருள்களும் கலந்திருக்கும், சங்கிலியின் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அசுத்தங்கள் இருந்தால் பாகுத்தன்மை ஏறவே ஏறாது.

ரப்பர் தொழிற்சாலையில் இந்த வளையம்-சங்கிலி வேறுபாடு பணம் சம்பந்தப்பட்ட விஷயம். நூறு பங்கு ரப்பருக்கு இரண்டு, இரண்டரைப் பங்கு கந்தகம் சேர்த்து அரைக்கிறார்கள். சூட்டில் வளையக் கந்தகம் ரப்பரில் கரைந்துவிடும். ஆறியதும் அவ்வளவு கரைந்திருக்க முடியாமல் மேற்பரப்புக்கு வந்து வெள்ளையாகப் பூக்கும். பூத்த ஏடு அடுத்த ஏட்டோடு ஒட்டாது, டயர் அடுக்குகள் பிரியும். அதனால் டயர்க் கலவைகளில் கரையாத கந்தகம் போடுகிறார்கள். அது சங்கிலிக் கந்தகம்தான். ரப்பரில் கரைய முடியாத அளவுக்கு நீளமானது. அரைக்கும்போது சூடு 100 டிகிரியைத் தாண்ட விட்டால் சங்கிலி வளையமாகத் திரும்பத் தொடங்கும், கூடுதல் விலை கொடுத்தது வீண்.

பிறகு 140, 160 டிகிரியில் வேகவைக்கும்போது கந்தகம் ரப்பர்ச் சங்கிலிகளுக்குக் குறுக்கே பாலம் போடுகிறது. பாலங்கள் மிக அரிதாகத்தான் விழுகின்றன. பாலத்துக்கும் பாலத்துக்கும் நடுவே உள்ள சங்கிலித் துண்டுகள் திரவத்திலிருப்பதுபோலவே நெளிந்துகொண்டிருக்கும். எக்ஸ்-கதிரில் பார்த்தால் இழுக்காத ரப்பர் வளையல்போல் ஒரு மங்கலான ஒளிவட்டம் தரும். எண்ணெய் தந்த அதே மேட்டுக்கு அருகில், 4.7 ஆங்ஸ்ட்ரம் பக்கம்! கையில் பிடித்திருப்பது திடம், உள்ளே அணுக்கள் நிற்பது திரவமாக. சுங்கை பூலோவோடு பெயர் இணைந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்ட அதே 1925இல், ஐரோப்பாவில் காட்ஸ் என்ற ஆய்வாளர் ரப்பரை இழுத்துப் பிடித்தபடி எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தார். ஒளிவட்டத்தின் நடுவே படிகத்துக்கே உரிய கூரான புள்ளிகள் முளைத்தன. விட்டதும் புள்ளிகள் மறைந்து, ஒளிவட்டம் திரும்பியது.

அகலமான ரப்பர் வளையம் ஒன்றை நாலு மடங்கு நீளத்துக்குச் சட்டென்று இழுத்து உடனே மேலுதட்டில் வைத்துப் பாருங்கள், இளஞ்சூடு தெரியும். இழுத்தபடியே அரை நிமிடம் ஆறவிட்டு, பிடி தளர்த்திய கணத்தில் மறுபடி வையுங்கள், சில்லிடும்.